குழந்தையை மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்வது எப்படி: முதல் சந்தேகம் முதல் பதினெட்டு வயது வரை

ஏழாம் வகுப்புப் படிக்கும் பையன் ஒருவனைக் கண் பரிசோதனை என்று சொல்லி அழைத்து வந்திருந்தார்கள். ஓ.பி. சீட்டில் அடித்திருந்த துறையின் பெயரை அவன் வரிசையில் நிற்கும்போதே வாசித்துவிட்டான். உள்ளே வந்து உட்கார்ந்த பின் மருத்துவர் கேட்ட எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லாமல், அந்தச் சீட்டை நான்காக, எட்டாக, பதினாறாக மடித்துக்கொண்டே இருந்தான். அவன் வாயிலிருந்து ஒரு முழு வாக்கியம் வருவதற்கு மூன்று வருகைகள் ஆயின. அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் சமூகப் பணியாளராகப் பல ஆண்டுகள் உட்கார்ந்து பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: நோயைவிட, குழந்தைக்குத் தெரியாமல் பெரியவர்கள் எடுக்கும் முடிவுகள்தான் பல வீடுகளில் சிகிச்சையைத் தாமதப்படுத்துகின்றன. இந்த வழிகாட்டி தமிழ்நாட்டில் இருக்கும் பெற்றோருக்காக எழுதப்பட்டது. ஒவ்வொரு படியிலும் மருத்துவமனையில் என்ன நடக்கும் என்பதையும், அதைக் குழந்தையிடம் எப்படிச் சொல்வது என்பதையும் சேர்த்தே எழுதியிருக்கிறேன்.

படி 1: போக வேண்டுமா என்று தீர்மானித்தல்

எல்லாப் பிள்ளைகளும் அடம்பிடிக்கும், பயப்படும், படிக்க மறுக்கும். எது வயதின் இயல்பு, எது உதவி தேவைப்படும் நிலை என்று பிரித்துப் பார்க்க எங்கள் பிரிவில் மூன்று கேள்விகளைக் கேட்போம். எத்தனை நாளாக இருக்கிறது? வீட்டில் மட்டுமா, பள்ளியிலும் உறவினர் வீட்டிலும்கூடவா? இதனால் எது நின்றுபோனது? மூன்றாவது கேள்விதான் முக்கியமானது. ஒரு பெண் கோபக்காரியாக இருப்பது வேறு; கோபத்தால் அவளுடன் விளையாட யாருமே இல்லாமல் போவது வேறு. சோகமாக இருப்பது வேறு. இரண்டு வாரத்துக்கு மேலாக, பிடித்த கிரிக்கெட்டைக்கூடத் தொடாமல் இருப்பது வேறு.

மூன்று வயதுக்குள் பேச்சும் பார்வையும்தான் அடையாளம். ஒரு வயதில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாதது, வேண்டியதை விரல் நீட்டிக் காட்டாதது, இரண்டு வயதில் ‘பால் வேணும்’ போல இரண்டு சொற்களைச் சேர்த்துச் சொல்லாதது, வந்த பேச்சு மறைந்துபோவது ஆகியவற்றில் எது தெரிந்தாலும் காத்திருக்கக் கூடாது. ‘ஆம்பளப் புள்ள லேட்டாத்தான் பேசும், இவங்க அப்பாவும் அப்படித்தான்’ என்று பாட்டி சொல்வதைக் கேட்டு, மூளை வேகமாக வளரும் இரண்டு ஆண்டுகளைக் கைநழுவவிட்ட குடும்பங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் இயங்கும் மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையங்கள் இந்த வயதுக் குழந்தைகளுக்கானவை. அங்கே சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை.

பள்ளி வயதில் குழந்தை மனத்தை வயிற்றால் பேசும். ஞாயிறு இரவு தொடங்கித் திங்கள் காலை உச்சத்துக்குப் போய், பள்ளி வேன் போன பிறகு சரியாகிவிடும் வயிற்றுவலி நடிப்பு அல்ல. பதற்றத்தில் வயிறு உண்மையாகவே வலிக்கும். படுக்கையை நனைப்பதை நிறுத்தியிருந்த குழந்தை மறுபடி நனைப்பது, எழுதும்போது எழுத்துகளை விட்டுவிடுவது, ஓர் இடத்தில் உட்காரவே முடியாமல் இருப்பது ஆகியவையும் கவனிக்க வேண்டியவை.

பதின்பருவத்தில் மனச்சோர்வு பெரும்பாலும் அழுகையாக வராது, எரிச்சலாக வரும். இரவு பகல் தலைகீழாவது, மதிப்பெண் சட்டெனச் சரிவது, குளிக்காமல் இருப்பது, யாரோ தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று சந்தேகப்படுவது, தனியே சிரிப்பது, மே மாத வெயிலிலும் முழுக்கைச் சட்டையைக் கழற்ற மறுப்பது எல்லாம் குறிகள். இவற்றைத் திமிர், சோம்பல், போன் செய்கிற வேலை என்று ஒரே சொல்லில் அடக்கிவிடுவது எளிது. 2015–16இல் நடந்த தேசிய மனநல ஆய்வு, 13 முதல் 17 வயதுக்குட்பட்டவர்களில் 7.3 விழுக்காட்டினருக்கு மனநலப் பாதிப்பு இருப்பதாகக் கணக்கிட்டது. நாற்பது பேர் உள்ள ஒரு வகுப்பில் மூன்று பேருக்கு அருகில் வருகிறது. உங்கள் வீட்டில் மட்டும் நடக்கும் அதிசயம் இது இல்லை.

சாவைப் பற்றிப் பேசுவது, தன்னைக் காயப்படுத்திக்கொள்வது, காதில் குரல் கேட்பதாகச் சொல்வது, சாப்பாட்டை ஏறக்குறைய நிறுத்திவிடுவது ஆகிய நான்கில் எது இருந்தாலும் மேலே சொன்ன கணக்குகள் எதுவும் வேண்டாம். அன்றைக்கே கிளம்புங்கள், படி 8ஐ முதலில் படியுங்கள்.

படி 2: உடம்பைப் பார்த்துவிடுதல்

வகுப்பில் கவனம் இல்லை என்று வந்த குழந்தைக்குக் காது சரியாகக் கேட்காமல் இருந்ததும், கரும்பலகை தெரியாமல் இருந்ததும் அரிதான கதைகள் அல்ல. சில விநாடி வெறித்துப் பார்த்துவிட்டு ஒன்றுமே நடக்காதது போல் தொடரும் ஒருவகை வலிப்பைப் பகல்கனவு என்று ஆசிரியர்கள் நினைத்துவிடுவதும் உண்டு. தைராய்டு கோளாறும் ரத்தசோகையும் சோர்வாகவும் எரிச்சலாகவும் வெளிப்படும். மூக்கின் பின்னால் சதை வளர்ந்து இரவெல்லாம் குறட்டைவிடும் குழந்தை பகலில் துறுதுறுவென்று அலைவதும் நடக்கும். ஆகவே குழந்தை நல மருத்துவரிடம் ஒருமுறை காட்டி, காது, கண், அடிப்படை ரத்தப் பரிசோதனை ஆகியவற்றை முடித்து, அந்த முடிவுகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இதற்காக மாதக்கணக்கில் அலைய வேண்டாம். ஒரு வாரத்தில் முடியக்கூடிய வேலை.

படி 3: யாரிடம் போவது

பெயர்ப்பலகைகள் குழப்பும். மனநல மருத்துவர் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து மனநல மருத்துவத்தில் எம்.டி. அல்லது டி.பி.எம். போன்ற மேற்படிப்புப் படித்தவர். நோயைக் கண்டறிவதும் மாத்திரை எழுதுவதும் அவர் வேலை. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் எனப்படும் மருத்துவ உளவியலாளர் மாத்திரை எழுதமாட்டார். அறிவுத்திறன், கற்றல் திறன் சோதனைகளைச் செய்வார், பேச்சுவழிச் சிகிச்சை தருவார். அவருக்கு இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் பதிவு எண் இருக்க வேண்டும். கேட்டால் சொல்வார், கேட்பதில் தவறில்லை. பேச்சுப் பயிற்சியாளர், அன்றாடச் செயல்களைப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், சிறப்புக் கல்வியாளர் ஆகியோர் தேவைக்கேற்ப வந்து சேர்வார்கள். ஆறு வார ஆன்லைன் சான்றிதழை மட்டும் வைத்துக்கொண்டு ‘மனநல ஆலோசகர்’ என்று பலகை மாட்டியிருப்பவரிடம், பதினைந்து அமர்வுக்கு முன்பணம் கட்டிவிட்டு வந்தவர்களையும் சந்தித்திருக்கிறேன். எத்தனை அமர்வு தேவை என்பதைப் பிள்ளையைப் பார்க்குமுன் யாராலும் சொல்ல முடியாது.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஒவ்வொன்றிலும் மனநல வெளிநோயாளர் பிரிவு உண்டு. மாவட்ட மனநலத் திட்டத்தின் குழு குறிப்பிட்ட நாட்களில் வட்டார மருத்துவமனைகளுக்கு வரும்; உங்கள் ஊருக்கு எந்தக் கிழமை என்று அங்கேயே விசாரிக்கலாம். சென்னையில் எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனையும், 1794இல் தொடங்கிய கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையும் இருக்கின்றன. சிக்கலான நிலைமைகளில் வேலூர் சி.எம்.சி.க்கோ, குழந்தைகளுக்கெனத் தனித் துறை வைத்திருக்கும் பெங்களூரு நிம்ஹான்ஸுக்கோ அனுப்புவார்கள். எங்கே தொடங்குவது என்றே தெரியாவிட்டால் 14416க்கு அழையுங்கள். டெலி மானஸ் என்ற இந்தத் தொலைபேசி சேவை 2022 அக்டோபர் முதல் இயங்குகிறது. கட்டணம் கிடையாது, தமிழில் பேசலாம், பிள்ளையே நேராக அழைத்தும் பேசலாம்.

கோயிலுக்கோ தர்காவுக்கோ போய் மந்திரித்துக் கயிறு கட்டிக்கொண்டு வருவதை நாங்கள் தடுப்பதில்லை. கயிறு கையில் இருக்கட்டும், மாத்திரை வாயில் போகட்டும் என்று எங்கள் மூத்த மருத்துவர் ஒருவர் சொல்வார். பிள்ளையைக் கட்டிவைப்பது, அடிப்பது, பட்டினி போடுவது, மாத்திரையை நிறுத்தச் சொல்வது ஆகிய நான்கில் ஒன்று நடந்தாலும் உடனே அழைத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

படி 4: நோட்டும் கோப்பும்

மருத்துவருக்கு முதல் நாளில் கிடைக்கும் நேரம் குறைவு. அந்த நேரத்தில் ‘ரொம்பச் சேட்டை டாக்டர்’ என்பதைவிட, இரண்டு வாரக் குறிப்பு ஆயிரம் மடங்கு உதவும். நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். எங்களிடம் வந்த ஒரு தாயின் நோட்டில் ஒரு நாள் இப்படி இருந்தது: ‘புதன். இரவு 11.40க்குத் தூங்கினான். காலை நான்கு முறை எழுப்பினேன். இட்லி ஒன்றுதான். கணக்கு டெஸ்ட் பேப்பரைக் கிழித்தான். நான் கத்தினேன். அவன் கதவைச் சாத்திக்கொண்டான். மாலை தங்கச்சியோடு கேரம் ஆடினான், சிரித்தான்.’ இதில் எல்லாம் இருக்கிறது. தூக்கம், சாப்பாடு, எது முன்னால் நடந்தது, எது பின்னால் நடந்தது, எப்போது நன்றாக இருந்தான் என்பதோடு, தான் கத்தியதையும் அவர் மறைக்காமல் எழுதியிருந்தார்.

கோப்பில் வைக்க வேண்டியவை: பிரசவக் குறிப்பு, தடுப்பூசி அட்டை, நடந்த வயது, பேசிய வயது, காய்ச்சலில் வலிப்பு வந்ததா என்ற விவரம், கடந்த மூன்று ஆண்டு மதிப்பெண் பட்டியல்கள், தமிழ், ஆங்கிலம், கணக்கு நோட்டுகளில் ஒவ்வொன்று, வகுப்பாசிரியர் கையால் எழுதிய அரைப் பக்கக் குறிப்பு, இதுவரை சாப்பிட்ட எல்லா மருந்துகளின் சீட்டு. நாட்டு மருந்தும் இதில் அடக்கம். இரண்டு பக்க உறவிலும் யாருக்காவது மனநோய், வலிப்பு, குடிப்பழக்கம், தற்கொலை இருந்ததா என்று கேட்பார்கள். கணவர் வீட்டார் முன்னிலையில் சொல்லத் தயங்குவதை மருத்துவரிடம் தனியாகச் சொல்லலாம்.

படி 5: பிள்ளையிடம் சொல்லுதல்

இதைத் தவிர்க்கத்தான் எல்லோரும் ஆசைப்படுகிறார்கள். ‘பயந்துவிடுவாள்’ என்பது அவர்கள் சொல்லும் காரணம். பயப்படத்தான் செய்வாள், ஆனால் ஏமாற்றப்பட்டோம் என்று தெரிந்த பிறகு வரும் பயம் அதைவிடப் பெரியது, அதோடு அது மருத்துவர்மேலும் படியும். கிளம்புவதற்கு ஒன்றிரண்டு நாள் முன், பிள்ளை அமைதியாக இருக்கும் நேரத்தில், அது தானே படும் கஷ்டத்திலிருந்து பேச்சைத் தொடங்குங்கள். சிறு குழந்தையிடம் இப்படிச் சொல்லலாம்: ‘கண்ணு, காலையில ஸ்கூலுக்குக் கிளம்பும்போது உனக்கு வயிறு வலிக்குதுல்ல, அது பொய்யில்லைன்னு அம்மாவுக்குத் தெரியும். மனசுல இருக்கிற பயத்தைப் பத்தி நல்லாத் தெரிஞ்ச டாக்டர் ஒருத்தர் இருக்காங்க. நாளன்னைக்குப் போறோம். பேசுவாங்க, படம் வரையச் சொல்வாங்க. பேசுறதுக்குத்தான் போறோம், ஊசி போடுறதுக்கு இல்ல.’ ஊசி போட மாட்டார்கள் என்று அடித்துச் சத்தியம் செய்யாதீர்கள். ரத்தப் பரிசோதனை எழுதிவிட்டால் உங்கள் வாக்கு பொய்யாகிவிடும்.

பதினைந்து வயதுப் பிள்ளையிடம் இன்னும் நேராகப் பேச வேண்டும். எந்த மருத்துவர், எந்தத் துறை, என்ன சொல்லப்போகிறீர்கள் என்பதைச் சொல்லி, அவன் என்ன சொல்ல விரும்புகிறான் என்று கேளுங்கள். ‘நான் பைத்தியமா?’ என்று கேட்டால், ‘சேச்சே, அப்படியெல்லாம் பேசாதே’ என்று வாயை அடைக்காமல், ‘நீ தூங்கி மூணு வாரமாச்சுப்பா, எங்களால சரி பண்ண முடியல, தெரிஞ்சவங்க கிட்ட கேட்கப் போறோம்’ என்பது உண்மையான பதில்.

படி 6: முதல் சந்திப்பும் கண்டறிதலும்

காலை ஏழரைக்கே சீட்டு வரிசை தொடங்கிவிடும். குடிக்கத் தண்ணீர், கொஞ்சம் பிஸ்கட், சிறு குழந்தையானால் பிடித்த பொம்மை ஒன்று கொண்டுபோங்கள். அறைக்குள் நுழைந்த கணத்திலிருந்தே மருத்துவர் பார்த்துக்கொண்டிருப்பார். குழந்தை பொம்மைக் காரை ஓட்டுகிறதா, அதன் சக்கரத்தை மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கிறதா, கிடைத்ததை அம்மாவிடம் கொண்டுவந்து காட்டுகிறதா என்பதெல்லாம் அவருக்குத் தகவல்.

பதின்பருவத்தினரைத் தனியாகச் சந்திக்க வேண்டும் என்பார்கள். தயவுசெய்து எழுந்து வெளியே போங்கள். கதவருகில் நிற்காதீர்கள், வெளியே வந்ததும் ‘என்ன கேட்டாங்க, நீ என்ன சொன்ன’ என்று விசாரிக்காதீர்கள். அங்கே சொல்வதை மருத்துவர் தாமாகப் பெற்றோரிடம் ஒப்பிக்கமாட்டார். உயிருக்கு ஆபத்து என்றால் சொல்வார். 18 வயதுக்குட்பட்டவர்மேல் பாலியல் குற்றம் நடந்தது தெரியவந்தால், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி புகார் செய்வது அவருடைய கடமை. இந்த இரண்டு விலக்குகளையும் பேச்சு தொடங்குமுன்பே பிள்ளையிடம் தெளிவாகச் சொல்லிவிடும் மருத்துவர் நல்ல மருத்துவர்.

முதல் நாளே நோயின் பெயர் கிடைக்க வேண்டும் என்று எதிர்பார்க்க வேண்டாம். கவனக்குறைவும் மிகைத் துறுதுறுப்பும் சேர்ந்த ஏ.டி.எச்.டி. என்று சொல்ல வேண்டுமானால் அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும், குறைந்தது இரண்டு இடங்களிலாவது தெரிய வேண்டும். அதனால்தான் பள்ளியின் குறிப்பைக் கேட்கிறார்கள். கற்றல் குறைபாட்டை எட்டு வயதுக்கு முன் உறுதியாகச் சான்றளிப்பதில்லை. ஆட்டிசத்துக்கு ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. பார்த்தும் கேட்டும் விளையாடியும்தான் முடிவுக்கு வருவார்கள். ‘தலைக்கு ஸ்கேன் எடுத்துப் பாத்துடலாம்’ என்று கேட்பவர்கள் பலர். வலிப்பு, தலையில் அடி போன்ற காரணம் இருந்தால் மருத்துவரே எழுதுவார்.

படி 7: சிகிச்சை

பேச்சுவழிச் சிகிச்சைக்கு ஊரில் கவுன்சலிங் என்று பெயர். அதை அறிவுரை என்றும் புரிந்துகொள்கிறார்கள். அறிவுரை கேட்டுக் குணமாகக்கூடிய பிள்ளை உங்கள் வீட்டிலேயே குணமாகியிருக்கும். பதற்றத்துக்கான சிகிச்சையில், பயப்படும் விஷயங்களைச் சிறு சிறு படிகளாகப் பிரித்து ஏறப் பழக்குவார்கள். பள்ளிக்குப் போக மறுக்கும் சிறுமி முதல் வாரம் சீருடை அணிந்து பள்ளிவாசல் வரை போய் வருவாள். அடுத்த வாரம் நூலகத்தில் ஒரு மணி நேரம். பிறகு பிடித்த பாடவேளை. இடையில் பரிதாபப்பட்டு இரண்டு நாள் வீட்டில் வைத்துக்கொண்டால் ஏணியின் அடியிலிருந்து மறுபடி தொடங்க வேண்டியிருக்கும். சிறு குழந்தைகளின் சிகிச்சையில் பாதிக்கு மேல் பெற்றோருக்கான பயிற்சிதான். ஆறு வயதுக்குட்பட்ட துறுதுறுப்புக்கு மாத்திரைக்கு முன் இதைத்தான் செய்யச் சொல்வார்கள். எனவே ‘எங்களை ஏன் கூப்பிடுறீங்க, அவனைச் சரி பண்ணுங்க’ என்று அப்பாக்கள் வாசலில் நிற்பது உதவாது.

மாத்திரை என்றதும் எழும் முதல் கேள்வி, ‘ஆயுசுக்கும் சாப்பிடணுமா, அடிமையாயிடுவானா?’ என்பதுதான். எல்லா மாத்திரைக்கும் ஒரே பதில் கிடையாது. ஏ.டி.எச்.டி.க்குத் தரும் மெத்தில்ஃபெனிடேட் காலையில் சாப்பாட்டுக்குப் பின் கொடுக்கப்படும். அன்றே வேலை செய்யத் தொடங்கும். பசியைக் குறைக்கும், நேரம் தாழ்த்திக் கொடுத்தால் தூக்கத்தைக் கெடுக்கும். எடையும் உயரமும் ஒவ்வொரு வருகையிலும் பார்க்கப்பட வேண்டும். சட்டப்படி கட்டுப்படுத்தப்பட்ட மருந்து என்பதால் மருந்துச் சீட்டு இரண்டு பிரதிகளாக எழுதப்படும். ஒன்றைக் கடைக்காரர் வைத்துக்கொள்வார். எல்லா மருந்துக் கடையிலும் கிடைக்காது என்பதால், தீர்வதற்கு ஒரு வாரம் முன்பே தேடத் தொடங்குங்கள்.

மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் தரப்படும் ஃப்ளூஆக்ஸெடின் போன்றவை அப்படி அன்றே வேலை செய்வதில்லை. பலன் தெரிய இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும். ‘பத்து நாளாச்சு, ஒண்ணும் தெரியல’ என்று நிறுத்துபவர்கள், பலன் வரவிருக்கும் வாசலில் நிறுத்துகிறார்கள். இளம் வயதினரில் சிலருக்குத் தொடக்க வாரங்களில் பரபரப்பும் தற்கொலை எண்ணமும் கூடலாம் என்பதால் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004இல் இவற்றுக்குக் கடும் எச்சரிக்கை விதித்தது. அதனால் மருந்தே கூடாது என்று பொருளாகாது. தொடங்கிய முதல் மாதமும், டோஸ் மாற்றும் ஒவ்வொரு முறையும் பிள்ளையைக் கூர்ந்து கவனிக்க வேண்டும், குறித்த நாளில் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். இந்த வகை மாத்திரைகளைத் திடீரென நிறுத்தினால் தலைசுற்றல், குமட்டல், எரிச்சல் வரும். படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

மனச்சிதைவுக்கும் ஆட்டிசத்தில் வரும் கடும் ஆவேசத்துக்கும் தரப்படும் ரிஸ்பெரிடோன் போன்றவற்றில் எடை கூடுவது பெரிய தொல்லை. கழுத்து ஒரு பக்கம் இழுத்துக்கொண்டாலோ கண் மேலே செருகிக்கொண்டாலோ உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும் உடனே சரிசெய்யக்கூடியது. பதின்வயதுப் பெண்ணுக்குச் சோடியம் வால்ப்ரோயேட் எழுதப்பட்டால், வேறு மாற்று இல்லையா என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. கர்ப்பகாலத்தில் சிசுவைப் பாதிக்கும் மருந்து அது.

மாத்திரையைத் தோசையிலும் மாம்பழச் சாறிலும் கலந்து கொடுக்கும் பழக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கசப்பு மறைய, பிள்ளைக்குச் சொல்லிவிட்டுக் கலப்பதில் குற்றமில்லை. சில மாத்திரைகளைப் பொடிக்கக் கூடாது என்பதால் மருந்தாளுநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தெரியாமல் கலப்பது ஒருநாள் நிச்சயம் வெளிப்படும். சந்தேகநோய் உள்ள ஒரு பதினாறு வயதுப் பெண், சாம்பாரில் கரையாமல் கிடந்த வெள்ளைத் துணுக்கைக் கண்ட நாளிலிருந்து வீட்டில் சமைத்த எதையும் தொடவில்லை. தனக்கு ஏதோ கலக்கிறார்கள் என்ற அவளுடைய சந்தேகத்தை வீடே உண்மையாக்கிவிட்டது.

படி 8: உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால்

கேட்டால் எண்ணத்தை விதைத்துவிடுவோமோ என்று அஞ்ச வேண்டாம். கேட்பதால் அந்த எண்ணம் வருவதில்லை. பெரும்பாலான பிள்ளைகளுக்கு, யாரோ கடைசியில் கேட்டுவிட்டார்கள் என்ற ஆறுதல்தான் வருகிறது. ‘செத்துப்போயிடலாம்னு தோணுதாப்பா? எப்பத்துலேருந்து? ஏதாவது செய்யணும்னு யோசிச்சிருக்கியா?’ என்று குரலை உயர்த்தாமல் கேளுங்கள். ஆம் என்றால் அழாமல், திட்டாமல், குலதெய்வத்தின்மேல் சத்தியம் வாங்காமல், பக்கத்தில் உட்காருங்கள். தனியே விடாதீர்கள். பூச்சிமருந்தும் எலிமருந்தும் வீட்டைவிட்டு வெளியேறட்டும். பாட்டியின் சர்க்கரை மாத்திரை உட்பட எல்லா மாத்திரைகளும் பூட்டுக்குள் போகட்டும். இந்த எண்ணத்தின் உச்சம் பெரும்பாலும் கொஞ்ச நேரமே நீடிக்கும். அந்த நேரத்தில் கைக்கு எதுவும் எட்டாமல் இருப்பது உயிரைக் காக்கிறது. அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். போகும் வழியிலும் 14416இல் பேசலாம். குழந்தைகளுக்கான 1098 எண்ணும் உண்டு.

எதையாவது விழுங்கியிருந்தால் 108ஐ அழைத்து, விழுங்கிய பொருளின் உறையோடு உடனே கொண்டுபோங்கள். பார்க்க நன்றாக இருக்கிறாள் என்று ஒருபோதும் காத்திருக்காதீர்கள். சில நஞ்சுகள் முதல் நாள் அமைதியாக இருந்துவிட்டுப் பின்னால் ஈரலைத் தாக்கும். போலீஸ் வரும் என்ற பயத்தில் ‘தெரியாமல் குடித்துவிட்டாள்’ என்று சொல்லும் பெற்றோரால் மருத்துவர் தவறான பாதையில் போக நேர்கிறது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017இன் 115ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதச் சொல்கிறது. முயற்சியைக் குற்றமாக வைத்திருந்த, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு, 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் இல்லை. விபத்து வழக்குப் பதிவும் போலீஸ் விசாரணையும் மருத்துவமனையின் வழக்கமான நடைமுறை. அதனால் பிள்ளை குற்றவாளி ஆகிவிடமாட்டாள்.

படி 9: உள்நோயாளியாகச் சேர்க்க நேர்ந்தால்

2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ள மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 87ஆம் பிரிவு, 18 வயதுக்குட்பட்டவரை விதிவிலக்கான நிலையில் மட்டுமே மனநலப் பிரிவில் சேர்க்கலாம் என்கிறது. பாதுகாவலர் விண்ணப்பம் தர வேண்டும். இரண்டு மனநல மருத்துவர்கள், அல்லது ஒரு மனநல மருத்துவரும் இன்னொரு மருத்துவர் அல்லது மனநலப் பணியாளரும், தனித்தனியே பிள்ளையைப் பார்த்து, சேர்ப்பதுதான் நன்மை, வெளிநோயாளராகப் பார்க்க இயலாது என்று முடிவு செய்ய வேண்டும். பெரியவர்களோடு ஒரே வார்டில் படுக்கவைக்கக் கூடாது. பெற்றோரில் ஒருவரோ அவர்கள் நியமிக்கும் ஒருவரோ முழு நேரமும் உடன் இருக்க வேண்டும். பெண் குழந்தையாக இருந்து பாதுகாவலர் ஆணாக இருந்தால், துணைக்கு ஒரு பெண் இருந்தாக வேண்டும். 72 மணி நேரத்துக்குள் மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தகவல் போக வேண்டும். 30 நாளைத் தாண்டினால் வாரியம் அதைக் கட்டாயம் மறுபரிசீலனை செய்யும். பாதுகாவலர் வீட்டுக்கு அனுப்பச் சொன்னால் அனுப்ப வேண்டும். மின்னதிர்வுச் சிகிச்சை சிறார்களுக்குத் தடைசெய்யப்பட்டது. விதிவிலக்காக, மிக அவசியம் என்று மருத்துவர் கருதினால் பாதுகாவலரின் ஒப்புதலும் வாரியத்தின் முன்அனுமதியும் தேவை. சினிமாவில் பார்த்த கம்பிக்கதவை நினைத்துச் சேர்க்க மறுப்பவர்கள் இந்தப் பத்தியை ஒருமுறை நிதானமாகப் படிக்கலாம். மருத்துவக் காப்பீடு எடுத்திருந்தால், உடல்நோய்க்கு இணையாக மனநோய்க்கும் காப்பீடு தரப்பட வேண்டும் என்று இதே சட்டத்தின் 21ஆம் பிரிவு சொல்கிறது.

படி 10: பள்ளியுடன் பேசுதல்

நோயின் பெயரைப் பள்ளிக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. என்ன தேவை என்பதைச் சொன்னால் போதும்: முன் வரிசையில் இடம், பதற்றம் வந்தால் ஐந்து நிமிடம் வெளியே போய்வர அனுமதி, பலர் முன்னிலையில் திட்டாமை. யாரிடம் சொல்லப்போகிறீர்கள் என்பதைப் பிள்ளையிடம் முதலில் கேளுங்கள். தலைமையாசிரியரைவிட அவளுக்குப் பிடித்த ஓர் ஆசிரியர் அதிகம் உதவக்கூடும். கற்றல் குறைபாடு, ஆட்டிசம், அறிவுத்திறன் குறைபாடு ஆகியவை 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் அடங்குவன. உரிய சான்றிதழ் இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகள் கிடைக்கும். விண்ணப்பத்தைப் பத்தாம் வகுப்பின் தொடக்கத்திலேயே கொடுங்கள். பிப்ரவரியில் வந்து நிற்பவர்களுக்கு எங்களால் அதிகம் செய்ய முடிவதில்லை.

படி 11: தொடர் சிகிச்சையும் பதினெட்டு வயதும்

எங்கள் பிரிவில் சிகிச்சை கைவிடப்படுவது பெரும்பாலும் நன்றாகத் தெரியத் தொடங்கும்போதுதான். தூக்கம் வந்துவிட்டது, பள்ளிக்குப் போகிறாள், இனி எதற்கு அலைச்சல் என்று நின்றுவிடுவார்கள். மனச்சோர்வு சரியான பிறகும் மாத்திரையைப் பல மாதம் தொடர வேண்டியிருக்கும். குறைக்கும் பேச்சை மருத்துவரிடம் நீங்களே எடுக்கலாம், ஆனால் பொதுத்தேர்வு மாதத்திலோ வீடு மாறும்போதோ அதைச் செய்ய வேண்டாம். மருத்துவர் விளக்கமே தராமல் ஒவ்வொரு முறையும் மாத்திரையை மட்டும் கூட்டிக்கொண்டு போனால் இன்னொருவரின் கருத்தைக் கேளுங்கள். அதற்காக ஆறு மாதத்தில் ஐந்து மருத்துவரை மாற்றாதீர்கள். மற்றப் பிள்ளைகளையும் மறந்துவிடாதீர்கள். அண்ணனுக்காக எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்த தங்கை ஒருநாள் காத்திருப்பு பெஞ்சில் என்னிடம், ‘அக்கா, எனக்கும் ஒரு சீட்டுப் போடுவீங்களா?’ என்று கேட்டாள்.

பதினெட்டு வயது நிறைந்த நாளிலிருந்து ஒப்புதல் தருபவர் நீங்கள் அல்லர், உங்கள் மகனோ மகளோதான். எப்படிச் சிகிச்சை வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவைக்கவும், தன் சார்பில் முடிவெடுக்க ஒருவரை நியமிக்கவும் அவர்களுக்குச் சட்டம் உரிமை தருகிறது. இந்த மாற்றத்துக்கு ஓராண்டு முன்பே பழக்குங்கள். பதினேழு வயதில் ஓ.பி. சீட்டை அவனே வரிசையில் நின்று வாங்கட்டும். மாத்திரையின் பெயரும் அளவும் அவனுக்கு மனப்பாடமாக இருக்கட்டும். அடுத்த வருகையின் தேதியை அவன் போனில் அவனே பதிந்துகொள்ளட்டும். கல்லூரிக்கு வேறு ஊர் போகிறான் என்றால், ஒத்துக்கொள்ளாத மருந்துகளின் பட்டியலை முதல் பக்கத்தில் ஒட்டி, இத்தனை வருடம் நீங்கள் சுமந்த அந்தக் கோப்பை ஒரு நகல் எடுத்துக்கொண்டு, அசலை அவன் கையில் கொடுத்துவிடுங்கள்.